பாஸ்வேர்டை மாற்றியாச்சு, சர்வர் இன்னும் பழைய ஆளையே பார்க்கிறது: ஜாவா கனெக்ஷன்களில் யூசரை மாற்றும்போது வரும் சிக்கல்கள்

ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா புரோகிராம் ஏற்கனவே ஒரு சர்வரோடு கனெக்ஷன் வைத்திருக்கிறது. இப்போது அதே சர்வருக்கு வேறு யூசராகப் போக வேண்டும், அல்லது அதே யூசருக்குப் புது பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். யூசர்நேமுக்கு ஒரு வரி, பாஸ்வேர்டுக்கு ஒரு வரி மாற்றி எழுதினால் போதும் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் போதாது. வாசலில் பெயர் கேட்டு உள்ளே விட்ட காவலாளி, உள்ளே போனபின் நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டதற்காக மறுபடி வந்து பெயர் கேட்க மாட்டார்.

எனவே "புது பாஸ்வேர்டை எங்கே கொடுப்பது" என்று தேடுவதைவிட "பழைய பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று தேடுவதே பலன் தரும். சில இடங்களில் அது ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும். சில இடங்களில் சாக்கெட்டோடு (சர்வரோடு திறந்திருக்கும் நெட்வொர்க் இணைப்பு), சில இடங்களில் செஷனோடு, குக்கியோடு, ஏன், மொத்த புராசஸோடும்கூட ஒட்டியிருக்கும். கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் சர்வரையே கேளுங்கள்

"புது யூசராக இணைந்தது" என்று உங்கள் லாகில் வந்திருக்கும். அதை எழுதியது உங்கள் கோடு, உங்கள் வேரியபிளைப் பார்த்து. சர்வர் என்ன நினைக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் கரண்ட் யூசர், செஷன் யூசர் இரண்டையும் ஒரே வரியில் செலக்ட் செய்து பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்ற ஃபங்ஷன் நீங்கள் கொடுத்த பெயரையும், கரண்ட் யூசர் என்பது சர்வர் உங்களை எந்தக் கணக்காக ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லும். இரண்டும் வேறாக இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள மெஷினில் லாகின் செய்யும் நெறிமுறை) என்றால் ஹூஅம்ஐ கட்டளை. எல்டாப்புக்கும் (யூசர் கணக்குகளை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரோடு பேசும் நெறிமுறை) "நான் யார்" என்று கேட்கும் நீட்டிப்பு உண்டு, இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4532. எச்டிடிபி சேவையில் அப்படி எதுவும் இல்லையென்றால் சர்வர் பக்க ஆக்சஸ் லாகை ஒரு வரி வாங்கிப் பாருங்கள்.

அறிகுறி: பிழையே வரவில்லை, ஆனால் பழைய யூசரின் தரவுதான் வருகிறது

ஜாவாவோடு வரும் பழைய எச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷனில் இது அடிக்கடி நடக்கும். ஆதென்டிகேட்டரை (கேட்டால் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்கும் ஆப்ஜெக்ட்) செட்டிஃபால்ட் மூலம் வைத்திருப்பீர்கள். முதல் யூசர் உள்ளே போய்விட்டால், அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்) தன் உள் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்ளும். அதே சர்வருக்கு அடுத்த கோரிக்கை போகும்போது ஆதென்டிகேட்டரைக் கேட்காமல் கேஷில் இருப்பதை நேராக அனுப்பிவிடும். நீங்கள் செட்டிஃபால்ட்டில் வேறு ஆதென்டிகேட்டரை வைத்தாலும் அதைக் கூப்பிட ஆளில்லை. உள்ளே ஒரு பிரின்ட் வரி போட்டுப் பாருங்கள், அது ஒருமுறைதான் அச்சாகும். டிஸ்கனெக்ட் கூப்பிட்டாலும் பயனில்லை. அது சாக்கெட்டைத்தான் மூடும், கேஷைத் தொடாது.

ஜாவா 9 முதல் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனியாக ஆதென்டிகேட்டர் வைக்கும் வசதி இருக்கிறது. அப்படி வைத்தால் கேஷும் அந்த ஆப்ஜெக்டைப் பொறுத்துத் தனித்தனியாகப் பிரியும். ஆகவே யூசருக்கு ஒரு ஆதென்டிகேட்டர் ஆப்ஜெக்ட் என்று ஒரு மேப்பில் வைத்துக்கொள்ளுங்கள், கோரிக்கைக்கு முன் உரியதை எடுத்து வையுங்கள். ஜாவா 8-இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு நேர்வழி, ஆதரைசேஷன் ஹெடரை (யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சுமந்து போகும் வரி) ஒவ்வொரு கோரிக்கையிலும் தாங்களே எழுதுவதுதான்.

இங்கே ஒரு சின்ன பொறி உண்டு. ஹெடரை எழுதிவிட்டு, சரியாகப் போயிருக்கிறதா என்று கெட்ரிக்வெஸ்ட்ப்ராபர்ட்டி மூலம் திரும்பப் படித்தால் நல் (null, மதிப்பு எதுவும் இல்லை) என்று வரும். பாதுகாப்புக்காக அந்த ஹெடரை மட்டும் ஜாவா வெளியே காட்டாது. நான் ஒரு மாலை முழுக்க "ஹெடர் போகவே இல்லை" என்று நம்பி வேறு நூலகத்துக்கு மாறும் அளவுக்குப் போனேன். அது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜாவா 11-இல் வந்த புது எச்டிடிபி கிளையண்டில் இந்தக் குழப்பம் குறைவு. ஆதென்டிகேட்டரை பில்டரில் கொடுத்துவிட்டால் அதன்பின் மாற்ற முடியாது. வேறு யூசர் வேண்டுமா, வேறு கிளையண்ட் கட்டுங்கள். கோரிக்கைக்கு ஒன்று என்று கட்டாதீர்கள், யூசருக்கு ஒன்று போதும். ஒவ்வொரு கிளையண்டும் தனக்கென்று த்ரெட்டும் கனெக்ஷன் பூலும் (திறந்து தயாராக வைத்த கனெக்ஷன்களின் தொகுப்பு) வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஹெடரில் புது யூசர்தான், சர்வர் லாகில் மட்டும் பழைய பெயர்

குக்கியைப் பாருங்கள். முதல் லாகினில் சர்வர் கொடுத்த செஷன் குக்கியை உங்கள் குக்கி மேனேஜர் பத்திரமாக வைத்திருக்கும். அடுத்த கோரிக்கையில் புது ஆதரைசேஷன் ஹெடரும் போகும், பழைய குக்கியும் போகும். பல வெப் சர்வர்கள் குக்கியைப் பார்த்ததுமே "இவர் ஏற்கனவே உள்ளே இருப்பவர்தான்" என்று முடிவுகட்டி, ஹெடரைப் படிக்கவே மாட்டா. யூசரை மாற்றும் இடத்தில் குக்கி ஸ்டோரில் ரிமூவ்ஆல் கூப்பிடுங்கள். பல யூசர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் அதுவும் தவறாகிவிடும், ஆளுக்கொரு குக்கி மேனேஜர் வைக்க வேண்டியதுதான்.

குக்கி இல்லையென்றால் அடுத்த சந்தேகம் என்டிஎல்எம், விண்டோஸ் உலகின் லாகின் முறை. பேசிக் என்ற எளிய லாகின் முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தன் பெயரைத் தானே சுமந்து போகும். என்டிஎல்எம் அப்படியில்லை, சாக்கெட்டையே அடையாளப்படுத்துகிறது. கீப்-அலைவில் (கோரிக்கை முடிந்தும் மூடாமல் வைப்பது) திறந்திருக்கும் சாக்கெட்டை அடுத்த யூசரின் கோரிக்கைக்குக் கொடுத்தால், அது முந்தைய ஆளின் பெயரில்தான் போய்ச் சேரும். சந்தேகத்தை உறுதி செய்ய கீப்-அலைவ் சிஸ்டம் ப்ராபர்ட்டியை ஃபால்ஸ் ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். சிக்கல் மறைந்தால் குற்றவாளி அதுதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிட வேண்டாம், வேகம் படுத்துவிடும். அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் பயன்படுத்தினால் யூசருக்கு ஒரு கான்டெக்ஸ்ட் கொடுங்கள். அதன் பூல், சாக்கெட் எந்த யூசருக்குச் சொந்தம் என்பதை யூசர் டோக்கன் மூலம் நினைவில் வைத்திருக்கும்.

விண்டோஸில் இன்னொரு கூத்தும் உண்டு. பழைய ஜாவா பதிப்புகள் என்டிஎல்எம் சர்வரைக் கண்டதும், உங்களைக் கேட்காமலேயே மெஷினில் லாகின் செய்திருக்கும் ஆளின் பெயரில் உள்ளே போய்விடும். பிந்தைய பதிப்புகளில் இதற்கென்று ஒரு ப்ராபர்ட்டி வந்து, இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. "என் மெஷினில் மட்டும் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் ஜாவா பதிப்பைக் கேளுங்கள்.

அறிகுறி: "சர்வர் ரீடைரக்டட் டூ மெனி டைம்ஸ் (20)" என்ற பிழை, கூடவே கணக்கு லாக் ஆகிறது (பூட்டப்படுகிறது)

பிழைச் செய்தி ரீடைரக்ட் என்று சொல்வதால் எல்லாரும் யூஆர்எல்லைத் தோண்டுவார்கள். விஷயம் அதுவல்ல. பாஸ்வேர்டு தவறு. சர்வர் 401 (யார் என்று தெரியவில்லை, லாகின் செய்) சொல்கிறது, ஜாவா ஆதென்டிகேட்டரைக் கேட்கிறது, நீங்கள் அதே தவறான பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள், மறுபடி 401. இது ரீடைரக்டுக்கான 20 என்ற வரம்பு தீரும்வரை சுற்றும். ஒரே ஒரு கோரிக்கை, இருபது தவறான முயற்சி. ஐந்து தவறுக்கே கணக்கைப் பூட்டும் இடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆதென்டிகேட்டரில் ஒரு எண்ணி (கவுன்டர்) வைத்து, அதே கோரிக்கைக்கு இரண்டாவது முறை கேட்டால் நல் திருப்பிக் கொடுங்கள். அல்லது ஆதென்டிகேட்டரே வைக்காமல் ஹெடரை நேராக எழுதுங்கள், ஒரே முயற்சியில் 401 கைக்கு வந்துவிடும். புது எச்டிடிபி கிளையண்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல பிள்ளை, இயல்பாக 3 முயற்சியோடு நிறுத்திக்கொள்ளும்.

அறிகுறி: சிறிய பாஸ்வேர்டு போகிறது, நீளமான புது பாஸ்வேர்டு வைத்ததும் ஹெடரில் தவறான எழுத்து என்று எக்செப்ஷன்

ஹெடருக்காக பாஸ்வேர்டை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியாக்கத்தில் வரி உடைந்திருக்கிறது. பழைய சன் என்கோடர், ஜாவா 8-இன் மைம் என்கோடர் இரண்டும் 76 எழுத்துக்கு ஒரு புது வரி போடும். 76 எழுத்து என்பது மூலத்தில் 57 பைட். யூசர்நேம், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு மூன்றும் சேர்ந்து 57 பைட்டைத் தாண்டும்வரை எல்லாம் சரியாக ஓடும். அதனால்தான் வருடக்கணக்கில் ஓடிய கோடு, நீளமான பாஸ்வேர்டு வைத்த அன்று விழுகிறது. மைம் அல்லாத சாதாரண கெட்என்கோடரைப் பயன்படுத்துங்கள். அப்படியே பைட்டாக மாற்றும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அறிகுறி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியபின் அரை மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் விழுகிறது

இந்த அரை மணி நேரம் தற்செயல் அல்ல. பாஸ்வேர்டை மாற்றுவதால் ஏற்கனவே உள்ளே இருக்கும் கனெக்ஷன்கள் அறுந்துவிடாது. டேட்டாபேஸ் அவற்றை நுழையும்போது சோதித்ததோடு சரி. ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரி பூலில் ஒரு கனெக்ஷனின் அதிகபட்ச ஆயுள் இயல்பாக 30 நிமிடம். அது முடிந்து புது கனெக்ஷன் திறக்கப் போகும்போதுதான் பழைய பாஸ்வேர்டு நிராகரிக்கப்படும். போஸ்ட்கிரெஸில் 28பி01, மைஎஸ்கியூஎல்லில் 1045, ஆரக்கிளில் ஓஆர்ஏ-01017. அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் விழாது, ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். எனவே முதலில் சில கோரிக்கைகள் மெதுவாகும், பிறகு டைம்அவுட் வரும், கடைசியில் மொத்தமாக நிற்கும். மாற்றியவர் "நான் மாற்றி அரை மணி நேரம் ஆச்சே, அப்போது ஓடியதே" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஓடும் பூலில் பாஸ்வேர்டை மாற்ற, சாதாரண கான்ஃபிக் செட்டர்களைத் தொட்டால் சில இடங்களில் "கட்டமைப்பு சீல் வைக்கப்பட்டது" என்ற பிழை வரும். ஹிகாரியில் கான்ஃபிக் எம்எக்ஸ்பீன் (ஓடும்போதே அமைப்பை மாற்றத் தரும் ஆப்ஜெக்ட்) வழியாக யூசரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாம். மாற்றியபின் பூல் எம்எக்ஸ்பீனில் சாஃப்ட் எவிக்ட் கூப்பிடுங்கள். சும்மா இருக்கும் கனெக்ஷன்கள் உடனே மூடப்படும், வேலையில் இருப்பவை திரும்பி வந்ததும் மூடப்படும். வரிசை முக்கியம். முதலில் எவிக்ட் செய்துவிட்டுப் பிறகு பாஸ்வேர்டை மாற்றினால், அந்த இடைவெளியில் பூல் பழைய பாஸ்வேர்டோடு போய் முட்டிக்கொண்டிருக்கும்.

டேட்டாபேஸ் பக்கமும் உதவி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல் ஒரே கணக்குக்கு இரண்டு பாஸ்வேர்டு வைக்கலாம். பழையதை ரீட்டெய்ன் செய்து புதியதைச் சேர்த்து, எல்லா சர்வரும் மாறியபின் பழையதை நீக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் இரண்டு கணக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என் வழக்கம். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து பூலை ரீஸ்டார்ட் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: எப்போதாவது ஒருவருடைய பதிவு இன்னொருவர் பெயரில் விழுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் எந்தப் பிழையும் வராது. திறந்த ஜேடிபிசி (ஜாவாவில் இருந்து டேட்டாபேஸோடு பேசும் வழி) கனெக்ஷனில் யூசரை மாற்றப் பொதுவான வழி எதுவும் கிடையாது. ஆனால் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் தனி வழிகள் உண்டு. போஸ்ட்கிரெஸில் செட் ரோல். ஆரக்கிளில் ப்ராக்ஸி செஷன். எஸ்கியூஎல் சர்வரில் எக்சிக்யூட் ஆஸ், அதை முடிக்க ரிவர்ட். மைஎஸ்கியூஎல் டிரைவரில் சேஞ்ச்யூசர் என்ற மெத்தடே இருக்கிறது.

பூலில் இருந்து எடுத்த கனெக்ஷனில் செட் ரோல் செய்துவிட்டு, அப்படியே குளோஸ் செய்தால் கனெக்ஷன் மூடாது, பூலுக்குத் திரும்பும். மாறிய ரோலோடு. அடுத்து அதை எடுப்பவர் தெரியாமலேயே வேறு ஆளாக எழுதுவார். ஃபைனலி பிளாக்கில் ரீசெட் ரோல் போடலாம், ஆனால் ஒரு இடத்தில் மறந்தால் போச்சு. எனக்குப் பிடித்தது செட் லோக்கல் ரோல். அது டிரான்சாக்ஷனுக்குள் மட்டும் செல்லும், கமிட் ஆனாலும் ரோல்பேக் ஆனாலும் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆட்டோகமிட்டை அணைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒரு எச்சரிக்கையோடு எதுவும் செய்யாமல் போய்விடும். இன்னொன்று, செட் ரோலைப் பாதுகாப்புச் சுவராக நம்பாதீர்கள். அந்த செஷனில் எஸ்கியூஎல் ஓட்ட முடிந்த எவரும் ரீசெட் ரோல் என்று எழுதி வெளியே வந்துவிடலாம்.

மைஎஸ்கியூஎல்லின் சேஞ்ச்யூசர் உண்மையிலேயே மறுபடி சோதிக்கிறது. அதற்கான விலையும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும், தற்காலிக டேபிள்கள் போகும், செஷன் வேரியபிள்கள் எல்லாம் பழைய இயல்புக்குத் திரும்பும். "யூசரை மாற்றினேன், டேபிள் காணோம்" என்றால் காரணம் இதுதான்.

அறிகுறி: எல்டாப்பில் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடுகிறது

எந்தப் பாஸ்வேர்டும் அல்ல, காலியான பாஸ்வேர்டு. யூசர் மாறும் ஓட்டத்தில் எங்கோ பாஸ்வேர்டு வேரியபிள் காலியாகப் போயிருக்கும். ஜாவாவில் எல்டாப்போடு பேசும் ஜேஎன்டிஐயில் காலி பாஸ்வேர்டு கொடுத்தால் சோதனை முறை "நன்" (none, எதுவுமில்லை) ஆகிவிடும், அதாவது பெயரில்லாத பைண்ட் (எல்டாப் லாகின்). சர்வர் அதை ஏற்றுக்கொண்டால் கான்டெக்ஸ்ட் பிழையில்லாமல் திறக்கும், உங்கள் கோடு "பாஸ்வேர்டு சரி" என்று முடிவெடுத்துவிடும். பைண்டுக்கு முன் காலியா என்று பார்ப்பது கட்டாயம்.

திறந்த கான்டெக்ஸ்டில் பெயரை மாற்ற ஆட்டூஎன்விரான்மென்ட் (addToEnvironment) மூலம் பிரின்சிபலையும் (பெயர்) கிரெடென்ஷியலையும் (பாஸ்வேர்டு) மாற்றி, உடனே ரீகனெக்ட் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் பிழை அங்கே தெரியாது, பத்து வரி தள்ளி ஏதோ ஒரு தேடலில் வெடிக்கும். முன்பே லுக்அப் செய்து எடுத்து வைத்த துணை கான்டெக்ஸ்ட்கள் பழைய பெயரிலேயே இருக்கும், அவற்றைத் திரும்ப எடுங்கள். பிழை எண் 49 வந்து, எதிரில் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், செய்தியின் நடுவில் டேட்டா என்ற சொல்லுக்குப் பின் வரும் குறியீட்டைப் படியுங்கள். 52ஈ என்றால் பாஸ்வேர்டு தவறு, 532 என்றால் பாஸ்வேர்டு காலாவதி, 533 கணக்கு முடக்கம், 775 கணக்கு லாக். எல்லாவற்றுக்கும் ஒரே 49 தான் வரும்.

அறிகுறி: எஸ்எஸ்எச், எஃப்டிபி, ஜேஎம்எக்ஸ் எதிலும் இரண்டாவது லாகின் எடுபடவில்லை

எஸ்எஸ்எச் நெறிமுறையிலேயே அதற்கு இடமில்லை. ஆர்எஃப்சி 4252 சொல்வதன்படி ஒருமுறை லாகின் வெற்றி பெற்றபின் வரும் சோதனைக் கோரிக்கைகளை சர்வர் சத்தமில்லாமல் புறக்கணிக்க வேண்டும். ஜாவாவின் எஸ்எஸ்எச் நூலகமான ஜேஎஸ்சிஎச்சில் செஷனை மூடி, புது செஷன் திறப்பதுதான் வழி.

எஃப்டிபியில் நேர்மாறு. 1985-இன் ஆர்எஃப்சி 959 நடுவில் யூசர் கட்டளை அனுப்ப அனுமதிக்கிறது. நடைமுறையில் பல சர்வர்கள் விடுவதில்லை, விஎஸ்எஃப்டிபிடி என்ற சர்வர் 530 (லாகின் மறுப்பு) என்று திருப்பி அனுப்பும். லாக்அவுட், டிஸ்கனெக்ட், மறுபடி கனெக்ட் என்று எழுதிவிடுங்கள்.

ஜேஎம்எக்ஸ் (ஓடும் ஜாவா புரோகிராமைக் கண்காணிக்கும் வசதி) கனெக்டரில் புது கிரெடென்ஷியலோடு கனெக்ட் கூப்பிட்டால் பிழையும் வராது, மாற்றமும் வராது. ஏற்கனவே இணைந்திருக்கும் கனெக்டரில் அந்த மெத்தடுக்கு எந்த விளைவும் இல்லை என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. புது கனெக்டர் உருவாக்குங்கள்.

அறிகுறி: விண்டோஸ் ஃபைல் பகிர்வில் 1219 பிழை

ஒரே சர்வருக்கு ஒரே லாகின் செஷனில் இருந்து இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. ஜாவாவின் ஃபைல் கிளாஸுக்கு யூசர், பாஸ்வேர்டு என்று எதுவும் தெரியாது, புராசஸ் ஓடும் லாகின் செஷன் அந்த சர்வரோடு எந்தப் பெயரில் இணைந்திருக்கிறதோ அந்தப் பெயரில்தான் பகிர்வுக்குள் போகும். நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்பை நீக்கலாம். ஒன்றை சர்வர் பெயரிலும் இன்னொன்றை ஐபி முகவரியிலும் திறந்து தப்பிப்பவர்களும் உண்டு. அடிக்கடி மாற வேண்டியிருந்தால் எஸ்எம்பிஜே போன்ற நூலகத்துக்குப் போய்விடுங்கள். அதில் ஒரே கனெக்ஷனின் மேல் வெவ்வேறு யூசருக்குத் தனித்தனி செஷன் திறக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தாகிவிட்டது, ஆனாலும் கணக்கு லாக் ஆகிக்கொண்டே இருக்கிறது

இடைவெளியைக் கவனியுங்கள். சீரான இடைவெளியில் லாக் ஆனால் அது மனிதர் அல்ல, ஷெட்யூலர் (நேரம் வைத்து வேலையை ஓட்டும் புரோகிராம்). எனக்கு இப்படித்தான் ஆனது. கோடு முழுவதையும் மூன்று முறை படித்தேன், பூலை மாற்றினேன், கேஷைக் காலி செய்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சர்வர் பக்கம் தவறான முயற்சிகளின் ஐபி முகவரியைக் கேட்டு வாங்கியபோது, அது எங்கள் புரோகிராம் ஓடும் மெஷினே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் சோதனைக்காக நான் ஒரு பிரதி எடுத்து வைத்த பழைய மெஷின். அதில் அதே ஜார் ஃபைல், பழைய பாஸ்வேர்டோடு, சொன்ன சொல் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன், அத்தோடு லாக் ஆவது நின்றது.